'இந்தியா' பத்திரிகையோடு புதுச்சேரிக்குத் தப்பிய எடிட்டர்: பாரதியின் பேப்பர்கள் என்ன ஆச்சு?

பாரதின்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது முண்டாசு, மீசை, ஸ்கூல் ஆண்டு விழா மேடை. அவர் கவிஞர், சரி. ஆனா வாழ்நாளில் அதிக காலம் அவர் சம்பளம் வாங்கிய வேலை என்னன்னு கேட்டா? பத்திரிகை வேலை. தந்திச் செய்தியை மொழிபெயர்ப்பது, தலையங்கம் எழுதுவது, கார்ட்டூனுக்கு ஐடியா கொடுப்பது, புரூஃப் பார்ப்பது, சந்தா பாக்கிக்காக வாசகரிடம் கெஞ்சுவது. இன்னைக்கு ஒரு நியூஸ் டெஸ்க்கில் நாலு பேர் பார்க்கும் வேலையை அவர் ஒருவராகப் பார்த்தார். அதில் முக்கியமான 10 ஆண்டுகள் அவர் இருந்த ஊர் நம்ம புதுச்சேரி.

அந்த பத்திரிகைப் பக்கங்கள், கடிதங்கள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் இப்போ எங்கே இருக்கு? கொஞ்சம் போலீஸ் ஃபைலில், கொஞ்சம் லைப்ரரியில், கொஞ்சம் கோர்ட் வழக்குகளில் சிக்கி வெளியே வந்து, மீதி தொலைந்தே போச்சு. அந்தக் கதைதான் இது.

ஊர் ஊராக ஓடிய ஒரு வாழ்க்கை

1882 டிசம்பர் 11ல் எட்டயபுரத்தில் பிறந்தவர் சுப்பிரமணியன். சின்ன வயசிலேயே ஜமீன் அவையில் 'பாரதி' பட்டம். 1898ல் அப்பா சின்னசாமி ஐயர் இறந்ததும் காசியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போகிறார். அங்கே சுமார் 4 ஆண்டுகள். திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனை வேலை. அது ஒத்துவரவில்லை. 1904ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியர். அதுவும் மூணு மாசம்தான்.

1904 நவம்பரில் சென்னை 'சுதேசமித்திரன்' வேலைக்குச் சேர்கிறார். எடிட்டர் ஜி. சுப்பிரமணிய ஐயர், 'தி ஹிந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவர். 21 வயசு உதவி ஆசிரியருக்கு முதல் நாளிலிருந்தே கிடைத்தது மொழிபெயர்ப்பு வேலை. இங்கிலீஷ் தந்திச் செய்தியை, அரசியல் பேச்சுகளை, அன்னைக்கே தமிழில் தரணும். இன்னைக்கு நாம பேசும் பல அரசியல் சொற்கள் தமிழுக்குள் வந்ததே இப்படி டெட்லைன் அவசரத்தில்தான். நல்ல தமிழ்ச் சொல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற அவஸ்தையை அவரே பின்னால் கட்டுரையாக எழுதியிருக்கிறார். டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு அது ரொம்பவே பழக்கமான அவஸ்தை.

1905ல் 'சக்ரவர்த்தினி' என்ற பெண்கள் மாத இதழுக்கும் ஆசிரியர். 1906 மே மாதம் 'இந்தியா' வார இதழ் தொடங்குகிறது. மண்டயம் குடும்பத்தினர் முதலாளிகள். எழுத்தும் தலையங்கமும் பாரதி.

ஆளைப் பார்த்து சந்தா

'இந்தியா'வைப் பற்றி ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு, சிவப்புக் காகிதத்தில் அச்சடித்தார்கள். கடையில் தொங்கும்போதே இது என்ன அரசியல் என்று தெரிஞ்சுடும். 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்ற பிரெஞ்சுப் புரட்சி முழக்கம்தான் அதன் கொள்கை வாசகம். ரெண்டாவது, தமிழில் அரசியல் கார்ட்டூன்களைத் தொடர்ந்து வெளியிட்ட முதல் பத்திரிகை இதுதான். படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும் இல்லையா.

சந்தா முறை இன்னும் சுவாரஸ்யம். அரசாங்கத்துக்கு வருஷ சந்தா 50 ரூபாய். ஜமீன்தார், ராஜா, பிரபுக்களுக்கு 30. மாச வருமானம் 200 ரூபாய்க்கு மேல் இருந்தால் 15. மற்ற எல்லோருக்கும் 3 ரூபாய். பத்திரிகை ஒண்ணுதான், விலை நாலு. ஓடிடி கம்பெனிகள் இன்னைக்கு மொபைல் பிளான், பிரீமியம் பிளான் என்று பிரிக்கிறதுக்கு நூறு வருஷம் முன்னாடியே, இருக்கிறவனிடம் வாங்கு, இல்லாதவனுக்கு விட்டுக்கொடு என்ற கணக்கு. எந்த சர்க்கார் 50 ரூபாய் கட்டியிருக்கும் என்பது வேறு கதை. அவர்கள் காசு கொடுத்துப் படித்தார்களோ இல்லையோ, வாராவாரம் வரி விடாமல் படித்தார்கள். அதற்கான சாட்சி பின்னால் வருது.

உட்கார்ந்து எழுதுகிற ஆசிரியராக மட்டும் அவர் இல்லை. 1907 டிசம்பரில் வ.உ.சி. உள்ளிட்டவர்களோடு சூரத் காங்கிரசுக்குப் போனார். மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று கட்சி உடைந்த மாநாடு அது. திரும்பி வந்து அந்தப் பயணத்தையே 'எங்கள் காங்கிரஸ் யாத்திரை' என்ற புத்தகமாகப் போட்டார். இப்போ நாம 'கிரவுண்ட் ரிப்போர்ட்' என்று சொல்கிற வகை.

பெயர் ஒருத்தர், எழுத்து இன்னொருத்தர்

1908 மார்ச்சில் வ.உ.சி. கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கிறார். அடுத்த மாசமே பத்திரிகைகள் மேல் பாய்ச்சல். ஜி. சுப்பிரமணிய ஐயர் கைது. 'இந்தியா' மேல் ராஜதுரோக வழக்கு.

ஆனா கைதானவர் பாரதி இல்லை, எம். சீனிவாசன். அன்றைய சட்டப்படி பத்திரிகைக்கு பொறுப்பாளர் யார் என்று மாஜிஸ்திரேட் முன் பதிவு செய்யணும். 'இந்தியா' பதிவேட்டில் இருந்த பெயர் சீனிவாசனுடையது. எழுதியவர் யார் என்று ஊருக்கே தெரியும், காகிதத்தில் அது இல்லை. சீனிவாசனுக்கு 5 ஆண்டு தண்டனை.

இதை நாம ரொம்ப வேகமாகக் கடந்து போறோம் என்பது என் எண்ணம். பாரதியின் வாழ்க்கை வரலாற்றில் சீனிவாசன் ஒரு வரியில் வந்து போகிறார். இன்னொருவர் எழுத்துக்காக ஜெயிலுக்குப் போனவர் அவர். பாரதியை நண்பர்கள் வற்புறுத்தித்தான் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள் என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். சீனிவாசனின் 5 ஆண்டும் உண்மைதானே.

எல்லையைத் தாண்டினால் வேற நாடு

1908 செப்டம்பர் வாக்கில் பாரதி புதுச்சேரி வந்து சேர்கிறார். ஏன் இங்கே? அப்போ இது பிரெஞ்சு நாடு. பிரிட்டிஷ் போலீஸ் உள்ளே வந்து கைது செய்ய முடியாது. பிரெஞ்சுப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல், நடுநடுவே பிரிட்டிஷ் ஊர்களோடு கலந்து கிடந்தது. பாகூர் பக்கம் பைக்கில் போனால் தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று போர்டு மாறி மாறி வருதே, அதே வரைபடம்தான். இப்போ மாறுவது பெட்ரோல் விலையும் சரக்கு விலையும். அப்போ மாறியது, நீங்கள் சுதந்திர மனிதரா, கைதியா என்பது.

அவர் வந்த ஒரு மாசத்துக்குள், 1908 அக்டோபரில், 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து மறுபடி வெளிவர ஆரம்பிக்குது. அச்சு இயந்திரம், ஈய எழுத்துகள் எல்லாமே சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தன. அடுத்த ஒன்றரை ஆண்டு பாரதியின் பத்திரிகை வாழ்க்கையிலேயே உச்சம். 'இந்தியா' வாரம்தோறும். 1909ல் 'விஜயா' நாளிதழ். கூடவே 'சூரியோதயம்', 'கர்மயோகி', இங்கிலீஷில் 'பால பாரத'. ஒரே சின்ன குழு, அஞ்சு இதழ்.

இந்தக் குழுவில் இன்னொருவர் இருந்தார், எம்.பி.டி. ஆச்சாரியா. 'இந்தியா' வேலைகளுக்காக புதுச்சேரி வந்தவர், இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். லண்டன், பெர்லின், தாஷ்கண்ட் என்று சுற்றி, 1920ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவர். பிறகு அவர்களோடும் முரண்பட்டு அராஜகவாதியாக மாறி, 1954ல் பம்பாயில் இறந்தார். அவர் ஒருவருக்கே தனிக் கட்டுரை எழுதலாம். எழுதணும்.

ஆளைப் பிடிக்க முடியலையா, தபாலைப் பிடி

புதுச்சேரியில் அச்சடிக்கலாம், ஆனா வாசகர்கள் எங்கே? திருநெல்வேலியில், மதுரையில், சென்னையில். தபால் பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டித்தான் போகணும். அரசு அங்கேதான் கை வைத்தது. பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரத் தடை. 1910 தொடக்கத்தில் கடுமையான புதிய பத்திரிகைச் சட்டம் வேறு. சந்தாதாரருக்கு இதழ் போகலைன்னா சந்தாப் பணம் வராது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. மற்ற இதழ்களும் அந்தக் காலகட்டத்திலேயே அடுத்தடுத்து நின்றன.

ஆசிரியரைக் கைது செய்யத் தேவையில்லை, அச்சகத்தை உடைக்கத் தேவையில்லை, விநியோகத்தை மறித்தால் போதும் என்று பிரிட்டிஷ் அரசு கண்டுபிடித்துவிட்டது. ஒரு வெப்சைட்டை முடக்குவது, ஒரு அக்கவுண்டை குறிப்பிட்ட நாட்டில் தெரியாமல் செய்வது என்று நாம இப்போ படிக்கிற செய்திகளுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதே 1910 ஏப்ரலில் அரவிந்தர் வருகிறார். வருஷக் கடைசியில் வ.வே.சு. ஐயர். 1911 ஜூன் 17ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் கொலை. அதன்பிறகு புதுச்சேரித் தெருக்களில் பிரிட்டிஷ் உளவாளிகள் நிரம்பி வழிந்தார்கள். வெளியூர்க்காரர்கள் இங்கே தங்கணும்னா உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் 5 பேர் கையெழுத்துப் போட்டு உத்தரவாதம் தரணும் என்று புதுச் சட்டம் வந்தது. கலவை சங்கர செட்டியார் ஓடியாடி அந்தக் கையெழுத்துகளை வாங்கித் தந்தார். அந்த 5 கையெழுத்து கிடைக்காமல் போயிருந்தால் பாரதியின் புதுச்சேரிக் காலம் அப்போதே முடிந்திருக்கும்.

கிணற்றில் விழுந்த ஜாடி

சொந்தப் பேப்பர்களை விட, பொய்ப் பேப்பர்தான் ஒரு சமயம் இவர்களுக்கு ஆபத்தாக வந்தது. வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் யாரோ ஒரு ஜாடியைப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் இறைக்கும்போது அது மேலே வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ராஜதுரோகக் காகிதங்கள், காளி படம். அதாவது 'சோதனை போட்டால் கிடைக்க வேண்டியவை'. இவர்கள் முந்திக்கொண்டு, தாங்களே பிரெஞ்சு போலீசிடம் அதை ஒப்படைத்துவிட்டார்கள்.

புகாரின் பேரில் பிரெஞ்சு விசாரணை நீதிபதி இவர்கள் வீடுகளைச் சோதனை போட வந்தார். அரவிந்தர் வீட்டு மேஜையில் கிரேக்க, லத்தீன் நூல்களைப் பார்த்ததும், இவ்வளவு படித்தவரா என்று வியந்து மரியாதையோடு திரும்பிப் போனார் என்பது புதுச்சேரியில் பலருக்கும் தெரிந்த கதை. புகார் கொடுத்தவன் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிவிட்டான். ஒரு லேப்டாப்பில் ஃபைலைத் திணிப்பது என்ற நவீனக் குற்றச்சாட்டின் ஈரமான முன்னோடி இந்த ஜாடி.

இந்தக் காலத்தில் பாரதி அடிக்கடி இங்கிலீஷில் 'தி ஹிந்து'வுக்குக் கடிதம் எழுதினார். உளவாளிகள் தொல்லை, புதுச்சேரியில் தங்கியிருப்பவர்கள் மேல் கிளப்பப்படும் பொய்ச் செய்திகள், இதெல்லாம்தான் விஷயம். சொந்தப் பத்திரிகை போன பிறகு, 'ஆசிரியருக்குக் கடிதம்' பகுதியை வைத்தே அவர் பத்திரிகை வேலையைத் தொடர்ந்தார். 1914ல் பிரிட்டிஷ் தொழிற்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டுக்கும் ஒரு கடிதம் எழுதினார். பின்னால் பிரிட்டிஷ் பிரதமரானவர் அவர்.

'சின்னச் சங்கரன் கதை' தெரியுமா? எட்டயபுரம் மாதிரியான ஒரு ஜமீனை வைத்து அவர் எழுதிய கிண்டல் கதை. அதன் கையெழுத்துப் பிரதி புதுச்சேரியில் காணாமல் போனது. உளவாளி ஒருவன் கைவரிசை என்பது நண்பர்களின் சந்தேகம். மறுபடி எழுத ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். இன்னைக்கு நாம படிப்பது அந்தப் பாதிதான்.

மூலக்குளத்தில் இருந்து அரை மணி நேரம்

இதெல்லாம் நடந்த இடங்கள் ஒண்ணும் தூரத்தில் இல்லை. மூலக்குளத்தில் வண்டியை எடுத்தால் ரெட்டியார்பாளையம், இந்திரா காந்தி சிலை, நெல்லித்தோப்பு தாண்டி டவுனுக்குள் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு. டிராஃபிக் சிக்னல் கருணை காட்டினால் அரை மணி நேரம். அங்கே அவர் வாழ்ந்த வீடு இப்போ அரசு அருங்காட்சியகம். தெருவிலிருந்து பார்த்தால் தூண் வைத்த திண்ணை, உள்ளே முற்றம், சாதாரணத் தமிழ் வீடு.

அந்தத் தெருவில் அவருக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவரை ஊரில் 'விளக்கெண்ணெய் செட்டியார்' என்பார்கள். வாடகை கேட்க வருவார், பாரதி பாடிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருப்பார், கேட்காமலே திரும்பிவிடுவார் என்று வ.ரா. எழுதியிருக்கிறார். இப்போ புதுச்சேரியில் வீட்டு வாடகை, அட்வான்ஸ் நிலவரம் தெரிஞ்சவங்களுக்கு இது நம்பவே முடியாத பகுதி. முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமி செட்டியாரின் மாந்தோப்புதான் 'குயில் பாட்டு'க்குக் காரணமான குயில் தோப்பு. 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912ல் வெளிவந்தது. 'கண்ணன் பாட்டு' 1917ல், பரலி சு. நெல்லையப்பர் முயற்சியில்.

கவனிச்சீங்களா, பத்திரிகை நின்ற பிறகுதான் இந்தப் பெரிய படைப்புகள் வருது. பத்திரிகைத் தொழிலைப் பறித்ததால் தமிழுக்கு லாபம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டில் அரிசி இல்லாத நாட்களைப் பற்றி மனைவி செல்லம்மாவும், அருகில் வளர்ந்த சிறுமியாக யதுகிரியும் பின்னால் எழுதிய நினைவுகளைப் படித்தால், அப்படி எளிதாகச் சொல்ல மனசு வராது.

சங்கடமான ஒரு காகிதம்

1918 நவம்பர் 20. முதல் உலகப் போர் முடிந்த அடுத்த வாரம். 10 ஆண்டு போதும் என்று பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்புகிறார். எல்லையைத் தாண்டியதும் கைது. கடலூர் சிறை.

அங்கிருந்து சென்னை கவர்னர் பென்ட்லண்டுக்கு அவர் எழுதிய விண்ணப்பம் நமக்குக் கிடைத்திருக்கிறது. இனி எந்த அரசியலிலும் ஈடுபட மாட்டேன், அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்பதே அதன் சாரம். பாரதி விழா மேடைகளில் இந்தக் கடிதத்தை யாரும் வாசிப்பதில்லை. சோஷியல் மீடியாவில் வேறொரு தலைவரைத் திட்டுவதற்கு ஒப்பீடாக மட்டும் சில நேரம் எட்டிப் பார்க்கும்.

35 வயசு. இரண்டு பெண் குழந்தைகள். உடம்பு தளர்ந்திருக்கு. தொழில் போய் எட்டு வருஷம் ஆச்சு. அந்த நிலையில் ஜெயிலில் இருந்து எழுதிய காகிதம் அது. அதை மறைக்கவும் வேண்டாம், அதை மட்டும் வைத்து ஆளை அளக்கவும் வேண்டாம். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ரங்கசாமி ஐயங்கார் போன்றவர்கள் முயற்சியில் டிசம்பர் 14ல் விடுதலை. நிபந்தனையோடு: திருநெல்வேலி மாவட்டத்தில் தங்கணும், எழுதுவதை முன்கூட்டியே போலீசிடம் காட்டணும்.

மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல விற்கும்!

கடையத்தில், மனைவியின் ஊரில், அவர் போட்ட திட்டத்தைப் படித்தால் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். 1920ல் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை. தன் எழுத்தை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி, மொத்தம் 4 லட்சம் பிரதி அச்சடிக்கப் போகிறேன், முதலீடாக 20,000 ரூபாய் வேணும். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல வீட்டுக்கு வீடு விற்கும் என்பது அவர் நம்பிக்கை. இன்னைக்குத் தமிழில் ஒரு கவிதைத் தொகுப்பு எத்தனை பிரதி அடிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிஞ்ச பதிப்பாளரைக் கேட்டுப் பாருங்க. பணம் வரவில்லை.

1920 நவம்பரில் மறுபடி சென்னை, மறுபடி 'சுதேசமித்திரன்'. 16 வருஷம் முன்னாடி ஆரம்பித்த அதே ஆபீஸ். 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி திருவல்லிக்கேணி வீட்டில் மரணம். அதனால்தான் நினைவு நாள் 11ஆ, 12ஆ என்ற விவாதம் இன்னும் இருக்கு. ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நாளைக்கு ஆபீசுக்கு எடுத்துப் போகணும் என்று கடைசி இரவில் சொன்னதாக உடன் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வயசு 38. அவருடைய போட்டோக்கள் என்று நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்தே ஐந்து.

பேப்பர்கள் யாருக்குச் சொந்தம்?

இனிமேல்தான் காகிதங்களின் பயணம்.

முதலில் செல்லம்மாவே 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் பதிப்பிக்க ஆரம்பித்தார். 1922ல் 'சுதேச கீதங்கள்'. தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு பாரதியின் தம்பி சி. விசுவநாதனும் உறவினர் ஹரிஹர சர்மா முதலியோரும் நடத்திய 'பாரதி பிரசுராலயம்' பொறுப்பெடுத்தது. 1931ல் செல்லம்மாவிடமிருந்து 4,000 ரூபாய்க்கு உரிமை கைமாறியது. நடுவில் 1928ல், பர்மா அரசு தடை போட, அதைப் பின்பற்றி சென்னை அரசும் அவர் பாடல் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி கடுமையாக எதிர்த்தார். பிறகு தடை விலகியது. உயிரோடு இருந்தபோதே 1911ல் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' இரண்டையும் தடை செய்த அரசு, இறந்து ஏழு வருஷம் கழித்தும் விடவில்லை.

அப்புறம் வந்தது சினிமாவும் இசைத்தட்டும். பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையை ஒரு வியாபாரி சில நூறு ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தார். 1946ல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதை 9,500 ரூபாய்க்கு வாங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்த, ஏ.வி.எம். வழக்குப் போட்டது. பாரதியைப் பாட ஒரு கம்பெனியிடம் அனுமதி வாங்கணுமா? இந்தக் கேள்விதான் தமிழ்நாட்டை உலுக்கியது. எழுத்தாளர்கள், நாடகக்காரர்கள், அரசியல்வாதிகள் எல்லோரும் அரசு தலையிடணும் என்று குரல் கொடுத்தார்கள்.

1949ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. ஏ.வி.எம். ஒலிப்பதிவு உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா 5,000. 1955ல் அரசு தன் உரிமையையும் விட்டு, பாரதி எழுத்தை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று பொதுவில் வைத்தது. எழுத்தாளர் ஒருவரின் காப்புரிமையை அரசே வாங்கி மக்களுக்குக் கொடுத்தது உலகில் வேறெங்கும் நடக்காதது என்று இதை ஆராய்ந்து புத்தகமே எழுதிய ஆ.இரா. வேங்கடாசலபதி சொல்கிறார். நீங்க ரீல்ஸில் பாரதி வரியைப் போட்டு மியூசிக் சேர்க்கும்போது காப்பிரைட் ஸ்ட்ரைக் வராததுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய சண்டை இருக்கு. (பாடியவர், இசையமைத்தவர் உரிமை வேறு. அதுக்கு ஸ்ட்ரைக் வரும், கவனம்.)

தேடிப் பிடித்தவர்கள்

உரிமை கிடைச்சாச்சு, எழுத்து எங்கே? பாடல்கள் புத்தகமாக இருந்தன. பத்திரிகை எழுத்து, அதாவது அவர் உழைப்பின் பெரும்பகுதி, பழைய இதழ்களில் புதைந்து கிடந்தது. அதிலும் பாதிக்குப் பெயர் இருக்காது. ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்று ஏகப்பட்ட புனைபெயர் வேறு. எது அவர் எழுதியது, எது ஆபீசில் வேறொருவர் எழுதியது என்று பிரிப்பதே தனி ஆராய்ச்சி.

பெ. தூரன் 'சுதேசமித்திரன்' பக்கங்களைப் புரட்டி 'பாரதி தமிழ்' தொகுத்தார். ரா.அ. பத்மநாபன் போட்டோக்களையும் கடிதங்களையும் தேடி அலைந்து 1957ல் 'சித்திர பாரதி' கொண்டுவந்தார். இளசை மணியன் 'இந்தியா' கட்டுரைகளை 'பாரதி தரிசனம்' ஆக்கினார். வேங்கடாசலபதி 'இந்தியா' கார்ட்டூன்களையும், 'விஜயா' கட்டுரைகளையும், 'ஹிந்து' கடிதங்களையும் தனித்தனி நூல்களாகத் தந்தார். சீனி. விசுவநாதன் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கினார். அந்தத் தொகுப்பின் 23 தொகுதிகள் 2024 டிசம்பர் 11ல் டெல்லியில் பிரதமரால் வெளியிடப்பட்டன. அடுத்த மாதம் அவருக்கு பத்மஸ்ரீ.

முன்னாடி சொன்னேனே, சர்க்கார் வரி விடாமல் படித்ததற்கு சாட்சி இருக்குன்னு. சென்னை மாகாண அரசு, சுதேச மொழிப் பத்திரிகைகளில் என்ன வருது என்று பார்க்க வாராவாரம் ஆள் வைத்து இங்கிலீஷில் மொழிபெயர்த்து ரகசிய அறிக்கை தயாரித்தது. யாரை உள்ளே போடலாம் என்று பார்க்கத்தான். பல தமிழ் இதழ்களின் பிரதிகள் கரையானுக்குப் போய்விட்டன. அறிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கு. தமிழ் மூலம் தொலைந்துபோன சில கட்டுரைகளில் என்ன இருந்தது என்று நமக்கு இன்னைக்குத் தெரிவதே அந்த இங்கிலீஷ் சுருக்கத்திலிருந்துதான்.

புதுச்சேரியில் அச்சான 'விஜயா' நாளிதழின் முழுத் தொகுப்பு இதுவரை யார் கையிலும் கிடைக்கவில்லை. கிடைத்தவை உதிரி இதழ்கள். தினமும் அடித்து, தினமும் மடித்து, தபாலில் போட்ட பேப்பர் அது. எல்லையில் பிடிபட்ட கட்டுகள் எந்த மூட்டையில் போய்ச் சேர்ந்தனவோ, சந்தாதாரர் வீட்டுப் பரணில் எத்தனை இருந்தனவோ. கிடைத்ததைப் படிக்கணும்னா அந்த 'விஜயா' கட்டுரைத் தொகுப்பு காலச்சுவடு வெளியீடாக 2004ல் வந்தது. கவிதைகளும் கதைகளும் 'மதுரைத் திட்டம்' தளத்தில் இலவசமாகவே இருக்கு. 'சின்னச் சங்கரன் கதை'யில் இருந்து ஆரம்பியுங்க. பாதியில் நிற்கும், அது உங்க போன் பிரச்சினை இல்லை.